நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டால்: செட்டிநாட்டுப் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

முகூர்த்த நாளில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஏதாவது ஒரு தெருவைப் பாருங்கள். வெளியூர்ப் பதிவெண் கார்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். நடுவே சமையல் பாத்திரம் ஏற்றிய டாடா ஏஸ் ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கும். பந்தியில் உட்கார்ந்திருக்கும் கார்க்காரருக்குத் தன் பின்கதவு உள்ளே அமுங்கிய சேதி கை கழுவிய பிறகுதான் தெரியவரும். கல்யாணம் இல்லாத நாளில் சினிமா ஷூட்டிங்குக்கு வந்த ஜெனரேட்டர் வேன், ஆத்தங்குடி கல் ஏற்றிய மினி லாரி, பிள்ளையார்பட்டிக்கு வந்த சுற்றுலா பஸ் என்று இடிப்பதற்கு ஆளுக்குக் குறைவில்லை.

அடிபட்டதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: ஏஜென்டுக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி தன் சொந்த இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டுவிடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் நஷ்டத்துக்குப் பணம் வர மூன்று இடங்கள் உண்டு. இடித்தவரின் கை, இடித்த வண்டியின் தேர்டு பார்ட்டி (பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான) இன்சூரன்ஸ், நம்முடைய ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பாலிசி. எதில் போவது என்பதைக் கொஞ்சம் நிதானமாக முடிவு செய்யலாம்; சொந்த பாலிசிக் கம்பெனிக்குச் சேதியை மட்டும் அன்றே சொல்லிவிட வேண்டும். மூன்றுக்கும் தேவையான ஆதாரத்தை மட்டும் முதல் ஒரு மணி நேரத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

காரை நகர்த்துவதற்கு முன்

தெருவே அடைபட்டு நின்றாலும் இரண்டு நிமிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். முதலில் தூரத்திலிருந்து படம்: கார் நிற்கும் இடம், பக்கத்து வீட்டு வாசல், ஒரு கடைப் பலகை, உங்கள் நம்பர் பிளேட் எல்லாம் ஒரே படத்தில் விழ வேண்டும். தெருவோரம் ஒழுங்காக நிறுத்தியிருந்தது இதில் தெரிந்தால் பின்னால் நிறைய வாக்குவாதம் மிச்சம். அப்புறம் பக்கத்தில் போய் அடிபட்ட இடத்தை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று. சாய்வாக எடுத்தால்தான் அமுங்கல் படத்தில் தெரியும். வெயிலில் நேராக எடுத்த படத்தில் கதவு புதுசு மாதிரி இருக்கும்.

கீறலை உற்றுப் பாருங்கள். இடித்த வண்டியின் பெயிண்ட் துணுக்கு ஒட்டியிருக்கும்; அது மஞ்சளா, வெள்ளையா, நீலமா என்பது ஒரு சாட்சி. கீறல் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது இன்னொன்று. ஒரு டேப்பை வைத்து அளந்து, டேப்போடு படம் எடுங்கள். மினி லாரியின் பின் பம்பர் உயரமும் உங்கள் கதவில் விழுந்த கோட்டின் உயரமும் ஒத்துப்போனால் டிரைவர் மறுப்பது கஷ்டம். தரையில் விழுந்த இண்டிகேட்டர் கண்ணாடி, பிளாஸ்டிக் துண்டு இருந்தால் ஒரு கவரில் போட்டு வையுங்கள். துடைக்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம். கூட்டத்தில் யாராவது ஒருவர் அன்போடு துண்டை நனைத்துக்கொண்டு வருவார், அவரையும் நிறுத்துங்கள்.

சக்கரம் உரசுகிறது, எண்ணெய் அல்லது தண்ணீர் ஒழுகுகிறது என்றால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இழுத்துப் போகும் செலவில் 1,500 ரூபாய் வரை சாதாரண முழு பாலிசியிலேயே சேர்ந்திருக்கும். ஓட்டிப்போய் இன்ஜின் கெட்டால் அந்தக் கூடுதல் நஷ்டம் உங்கள் தலையில்தான்.

இடித்தவர் எதிரிலேயே நின்றால்

வண்டி எண், டிரைவரின் பெயர், போன் நம்பர், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இல்லை என்று சொன்னால் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பலருக்குத் தெரியாத சட்டம் ஒன்றும் இங்கே உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134-இன்படி, பிறர் சொத்துக்குச் சேதம் ஏற்படுத்திய டிரைவர், போலீஸ் அங்கே இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் தானே ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வேண்டும். தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தர வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் வருவார். "விடுங்க தம்பி, தெரியாம நடந்துபோச்சு. ரெண்டாயிரம் வாங்கிக்கிட்டு முடிச்சிருவோம். நல்ல காரியம் நடக்குற இடம்." டிரைவரும், "பாக்கலண்ணே, ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்ணே" என்று கையெடுப்பார். பேசி முடிப்பது கேவலமில்லை. சின்னக் கீறலுக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் தொகையை அங்கேயே சொல்லாதீர்கள். பம்பருக்குப் பின்னால் என்ன உடைந்திருக்கிறது என்பது கழற்றினால்தான் தெரியும். "எஸ்டிமேட் எடுத்துட்டுச் சொல்றேன், இன்னைக்கு நடந்ததை மட்டும் எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். தேதி, நேரம், இடம், வண்டி எண், நின்றுகொண்டிருந்த காரில் தன் வண்டி இடித்தது என்ற ஒரு வரி, கையெழுத்து. வெள்ளைத்தாளில் எழுதினால் போதும்.

பணம் வாங்குவதாக முடிவானால் ஜிபேயிலோ பேங்க் மூலமாகவோ வாங்குங்கள், குறிப்பில் வண்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதவு அத்தோடு சாத்தப்பட்டது. பிறகு உங்கள் பாலிசியில் கிளெய்ம் போட்டாலும், இடித்தவரிடம் வசூலிக்கும் தன் உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டதாகக் கம்பெனி சொல்லலாம். ஒரு கையில் அவரிடம் வாங்கி, இன்னொரு கையில் அதே சேதத்துக்குக் கிளெய்ம் போடுவது ஏமாற்று. அதைச் சொல்லித்தரும் ஏஜென்ட் இருந்தால் ஏஜென்டை மாற்றுங்கள்.

இடித்தவர் போய்விட்டால்

உடனே கேமராவைத் தேடுங்கள். கடைகளில் இருக்கும் டி.வி.ஆர். பெட்டிகள் இடம் தீர்ந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். மெதுவாகப் போய்க் கேட்கலாம் என்றிருந்தால் அந்த நாள் அழிந்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில்தான் கேமரா இருக்கும். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு போனில் பார்ப்பார். எனவே தெருவில் ஆள் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார், அவரிடம் நம்பர் வாங்குங்கள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், முன்வாசல் கேமராவில் விழாத வண்டி பின்வாசல் கேமராவில் விழுந்திருக்கும். ஆச்சிகளிடம் பதவிசாகக் கேளுங்கள்: "ஆச்சி, என் காரை யாரோ இடிச்சிட்டாங்க, சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து அஞ்சு மணிவரைக்கும் மட்டும் பாக்கணும்." நேரத்தைக் குறுக்கிச் சொன்னால் உதவி செய்வார்கள். முழு நாளையும் கேட்டால் பயப்படுவார்கள். பதிவு கிடைத்தால் திரையைப் படம் பிடிப்பதோடு நிற்காமல், மூலப் பதிவையே பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தெருக் கேமரா இருந்தால் ஸ்டேஷனில் சொல்லித்தான் பார்க்க முடியும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இடித்துவிட்டு ஓடிய வண்டிக்கு அரசு நஷ்டஈடு கொடுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 161-ஆம் பிரிவு உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டும்தான். காருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது.

ஸ்டேஷன்

ஆளுக்குக் காயம் இல்லை, சின்ன உரசல், சொந்த பாலிசியில்தான் போகப் போகிறீர்கள் என்றால், பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். கேட்கமாட்டார்கள். கம்பெனியின் கிளெய்ம் எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேண்டுமென்றே சாவியால் கீறியது, கலவரத்தில் உடைத்தது, எதிர்த்தரப்பு இன்சூரன்ஸில் கேட்கப் போவது என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஒரு புகாராவது கொடுத்து வையுங்கள் என்பேன். "இதுக்கெல்லாம் கேஸா, பேசி முடிங்க" என்று சொல்வது சகஜம். அப்போது சி.எஸ்.ஆர். என்னும் புகார் ஒப்புகை ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எண், தேதி, கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகார் பதியலாம். 2024 ஜூலை 1-இலிருந்து புதிய சட்டங்கள் நடப்பில் இருப்பதால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), வேண்டுமென்றே சேதம் செய்ததற்கு 324 என்று வரும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

கணக்குப் போடும் நேரம்

இதுதான் அதிகம் பேர் தாண்டிப் போகும் இடம். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். நாலு வருஷம் முடிந்த, 1,200 சி.சி. கார். பம்பர் 6,000, கதவு 10,000, பெயிண்டிங் 8,000, கூலி 3,000. மொத்தம் 27,000 ரூபாய். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் வசதி) கிடையாது.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி தேய்மானம். பம்பருக்கு 3,000 தருவார்கள். தகரப் பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி: முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, பிறகு 5, 10, 15, 25 சதவீதம் என்று ஏறி, நாலிலிருந்து அஞ்சு வருஷத்துக்கு 35 சதவீதம். அதனால் கதவுக்கு 6,500. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், 7,000 வரும். கூலி முழுதாக 3,000. ஆக 19,500. அதில் கட்டாயக் கழிவாக, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய பங்காக, 1,000 போகும் (1,500 சி.சி.க்கு மேல் என்றால் 2,000). கையில் வருவது 18,500. கண்ணாடி உடைந்திருந்தால் அதற்குத் தேய்மானம் கிடையாது என்பது சின்ன ஆறுதல். பிரீமியம் குறைய வேண்டும் என்று நீங்களே விருப்பக் கழிவு எடுத்திருந்தால் அதுவும் போகும்.

இத்துடன் முடியவில்லை. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறும். நாலு வருஷம் கிளெய்ம் இல்லாதவர் இப்போது 45-இல் இருப்பார், அடுத்த புதுப்பித்தலில் 50 கிடைக்க வேண்டும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யம். தப்பு நம்முடையது இல்லை, கார் நின்றுகொண்டிருந்தது என்பதெல்லாம் இதில் எடுபடாது. போனஸ் இல்லாமல் ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 என்று வைத்தால், முதல் வருஷம் 5,000 கூடுதல், அடுத்து 3,000, 2,500, 1,500, 500. அஞ்சு வருஷத்தில் 12,500. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. காரின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். இருந்தாலும் 18,500 வாங்கி, சுமார் 12,000 திருப்பிக் கட்டுகிறோம். மிச்சம் ஆறாயிரம் சொச்சம். அதற்கு சர்வேயர் (சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புபவர்), கராஜ், அலைச்சல்.

அதனால் என் அபிப்பிராயம்: ஜீரோ டெப்பும் போனஸ் பாதுகாப்பும் (கிளெய்ம் போட்டாலும் போனஸ் போகாத கூடுதல் வசதி) இல்லாதவர், 15,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும் வேலைக்குச் சொந்த பாலிசியைத் தொட வேண்டாம். இடித்தவரிடம் பேசி வாங்குங்கள், இல்லையென்றால் கைக்காசில் பார்த்துவிடுங்கள். ஜீரோ டெப் இருந்தால் கணக்கு மாறும். இதே உதாரணத்தில் 26,000 வரை வரும். ஆனால் வருஷத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்ற வரம்பு அதில் இருக்கும். நின்ற காரின் கீறலுக்கு அதைச் செலவழித்துவிட்டு, பெரிய அடிக்கு வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

சொந்த பாலிசியில் போனால்

தேர்டு பார்ட்டி ஒரு கம்பெனி, ஓன் டேமேஜ் வேறு கம்பெனி என்று இருப்பவர்கள் இப்போது நிறைய. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது கார்களுக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டி கட்டாயம் என்பதால் வந்த குழப்பம் இது. நீங்கள் கூப்பிட வேண்டியது ஓன் டேமேஜ் கம்பெனியை. தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வழியே கிடையாது. பழைய ஜீப்பும் அம்பாசடரும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

சேதி சொல்வதை அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். கிளெய்ம் எண் வாங்குங்கள். படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: இன்ன இடத்தில் நிறுத்தியிருந்தேன், இன்ன நேரத்தில் பார்த்தேன், வண்டி எண் தெரியும் அல்லது தெரியாது. "நாய் குறுக்க வந்துச்சு, சுவத்துல இடிச்சேன்னு எழுதிருங்க, சீக்கிரம் முடியும்" என்று சொல்வார்கள். பக்கவாட்டில் நீளமாக ஓடும் கோடு எப்படி விழுந்திருக்கும் என்று சர்வேயருக்குத் தெரியும். கதை பொருந்தாவிட்டால் நியாயமான கிளெய்மும் போய்விடும்.

சர்வேயர் பார்க்கும் முன் டிங்கரிங் வேலையைத் தொடங்கக் கூடாது. இப்போது பல கம்பெனிகள் வீடியோ காலிலேயே பார்த்துவிடுகின்றன. இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் வைத்த கெடு இது: சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமிக்க வேண்டும், அறிக்கை 15 நாளில் வர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆர்.சி., பாலிசி, கடைசியாக ஓட்டி வந்து நிறுத்தியவரின் லைசென்ஸ், எஸ்டிமேட், சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர்., படங்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும். கழற்றிய பிறகு புதிதாக ஏதாவது தெரிந்தால், சர்வேயருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மாற்றச் சொல்லுங்கள்.

கேஷ்லெஸ் கராஜ் (பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் பட்டறை) இங்கே கையில் எண்ணும் அளவுதான். அதற்காக மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியதில்லை. நம்பிக்கையான பட்டறை காரைக்குடியிலேயே இருந்தால், முதலில் நாம் கட்டிவிட்டு பில்லைக் கொடுத்துப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. பில் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருபவரிடம் வேலை எவ்வளவு நயமாக இருந்தாலும் கிளெய்ம் நிற்காது.

எதிர்த்தரப்பின் இன்சூரன்ஸ்

இந்த வழியில் தேய்மானம் இல்லை, கட்டாயக் கழிவு இல்லை, உங்கள் போனஸுக்கும் ஆபத்தில்லை. குறை ஒன்றே: நேரம். தேர்டு பார்ட்டி பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு, கார், லாரி போன்றவற்றுக்கு 7.5 லட்சம், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. பிரீமியம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டவர்களும் இருப்பார்கள். அப்படியென்றால் மீதியை வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

எந்தக் கம்பெனி என்று தெரியவில்லையா? எம்பரிவாகனில் பாருங்கள். இன்சூரன்ஸ் தகவல் நிறுவனத்தின் வி சேவா பக்கத்திலும் வண்டி எண்ணை வைத்துத் தேடலாம். உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அது 2022 ஏப்ரல் 1-இலிருந்து நடப்பில் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். சென்னைக்காரர் இதற்காகச் சிவகங்கை மாவட்டத்துக்கு வாய்தாவுக்கு வந்துபோக வேண்டியதில்லை. லோக் அதாலத்தில் பேசி முடிக்க முடிந்தால் சீக்கிரம் பணம் வரும். சின்னத் தொகைக்கு வக்கீல் கட்டணம் கட்டுபடியாகாது. அறுபதாயிரம், ஒரு லட்சம் என்று அடி பெரிதாக இருந்தால் கட்டாயம் யோசியுங்கள்.

இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லையென்றால்? அது குற்றம்: முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வழக்குக்கு எதிராளி உரிமையாளர். ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிறேன் என்ற ஒரு சொல்லுக்கே பணம் வந்துவிடுவதும் உண்டு.

நாம் நிறுத்திய இடமும் பேசப்படும். வளைவில், இருட்டில், நோ பார்க்கிங்கில் நிறுத்தியிருந்தால் உன் மேலும் தப்பு என்று ஒரு பங்கைக் குறைப்பார்கள்.

பஸ், காளை, ஹோட்டல்

அரசு பஸ் இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேட வேண்டாம். போக்குவரத்துக் கழகமே பொறுப்பு. இந்தப் பக்கம் கும்பகோணம் கோட்டத்தின் காரைக்குடி மண்டலம். பஸ் நம்பரையும் தடத்தையும் குறித்து, கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கப் போனவர் பொட்டலில் நிறுத்திய காரைக் காளை முட்டினால் தேர்டு பார்ட்டி என்ற பேச்சே இல்லை. சொந்த பாலிசிதான், மரம் விழுந்தாலும் அப்படியே. தை மாதம் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவது மலிவு.

கானாடுகாத்தான் போன்ற ஊரில் பாரம்பரிய ஹோட்டலில் தங்கி, சாவியை, காரை நிறுத்தித் தரும் ஊழியரான வாலேயிடம் கொடுத்திருந்தால், "உரிமையாளர் பொறுப்பில்" என்ற பலகையைக் காட்டி ஹோட்டல் எளிதில் தப்ப முடியாது. வாலேயிடம் கொடுத்த கார் திருடு போன வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தாஜ் மஹால் ஹோட்டலைப் பொறுப்பாக்கியது. அது திருட்டு வழக்குதான் என்றாலும், பேசும்போது கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு. வாலே சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

தொகையைக் குறைத்தால், மறுத்தால்

முதலில் எதை, ஏன் கழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வே அறிக்கையின் நகலும் கேளுங்கள். தேய்மானக் கணக்கை மேலே சொன்னபடி நீங்களே போட்டுப் பார்த்தால், பெயிண்டிங் முழுவதற்கும் பாதி கழித்த மாதிரியான தவறுகள் கண்ணில் படும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பு நடுவர்). தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம், கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவர் போடும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. தொகை போதவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே ஒரே கோப்பாகக் கொடுக்கும்படி, முதல் நாள் எடுத்த படங்களிலிருந்து கடைசி மெயில் வரை எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.